வெட்டி என்ற சொல்லும் ஆட்குறைப்பு என்ற சொல்லும்: சித்தூர்–திருப்பதி வட்டாரத்து மயான ஊழியம் பற்றி

‘வெட்டிப் பேச்சு’, ‘வெட்டி வேலை’ என்று இன்று பயனற்ற எதற்கும் முன்னொட்டாக வரும் சொல், சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு வரியின் பெயர். கூலியின்றிப் பெறப்படும் கட்டாய உழைப்பே வெட்டி. கல்வெட்டுகளின் வரிச்சொற்களை எண்ணி ஆராய்ந்த நொபொரு கராஷிமா, மிக அடிக்கடி காணப்படும் சொற்களுள் ஒன்றாக இதைக் காட்டினார். வடமொழி ‘விஷ்டி’யே தமிழிலும் தெலுங்கிலும் வெட்டியாகவும் கன்னடத்தில் பிட்டியாகவும் வழங்குகிறது என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. குழி வெட்டுபவன் ஆதலால் வெட்டியான் என்று ஊரில் சொல்லும் விளக்கம் கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் வரலாறு அதற்குத் துணை நிற்காது. குழியைக் குறிக்க எழுந்த பெயரன்று அது. கூலி இன்மையைக் குறிக்க எழுந்த பெயர்.

மயானத் தொழிலாளர் வேலைநிறுத்தம், ஆட்குறைப்பு என்ற பேச்சு எழும் இடங்களில் இந்தச் சொல்வரலாறு வெறும் அலங்காரம் அன்று. ஓர் ஊழியம் வேலையாகக் கணக்கில் ஏறிய பிறகே அதைக் குறைக்கவும் முடியும், நிறுத்தவும் முடியும். சித்தூரிலும் திருப்பதியிலும் பிணம் எரிக்கும், புதைக்கும் ஊழியம் எப்போது வேலையாகக் கணக்கில் ஏறியது, எந்த அளவுக்கு ஏறியது என்பதே இங்கு எழும் கேள்வி.

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று உருவாகும் வரை சித்தூரும், திருப்பதி அடங்கிய சந்திரகிரி வட்டமும் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. அம்மாவட்டத்தின் தலைநகரே சித்தூர்தான். காளஹஸ்தி, கார்வேட்டிநகரம், புங்கனூர் ஜமீன்கள் ஒருபுறம், ரயத்துவாரி கிராமங்கள் மறுபுறம் எனக் கிடந்த அந்த நிலப்பரப்பில், கர்ணம், முன்சீப் ஆகியோருக்குக் கீழே தலையாரி, நீர்க்கட்டி, வெட்டி என்ற ஊர் ஊழியர் வரிசை இருந்தது. தமிழ் பேசும் ஊர்களில் வெட்டியான், தெலுங்கு பேசும் ஊர்களில் வெட்டி. மயானத்தில் நிற்கும்போது தெலுங்கில் அவனுக்குக் காட்டிகாபரி என்று வேறு பெயர். தமிழ்ப்பகுதியில் பறையரும் தெலுங்குப்பகுதியில் மாலரும் பெரும்பாலும் இவ்வூழியத்தில் கட்டப்பட்டிருந்தனர்.

வெட்டியின் நாளில் இரண்டு பாதிகள் இருந்தன. வரிப் பணத்தைத் தாலுகாக் கச்சேரிக்குக் கொண்டு செல்வது, வரி கட்டாத குடியை அழைத்து வருவது, அதிகாரி வந்தால் கூடாரத்துக்கும் குதிரைக்கும் வேண்டியதைச் செய்வது, எல்லைக்கல் காட்டுவது ஒரு பாதி. சாவுச் செய்தி சொல்வது, குழி வெட்டுவது, சிதை அடுக்குவது, எரிந்து முடியும் வரை காவல் இருப்பது மறுபாதி. கம்பெனி ஆட்சியும் பின்னர் வந்த அரசும் முதல் பாதியை மட்டுமே பதிவேட்டில் ஏற்றின. 1858இல் அமைந்த இனாம் ஆணையம் ஊழிய மானியங்களை ஆராய்ந்தபோதும், ஜமீன் ஊர்களுக்காக 1894ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டமும், பரம்பரைக் கிராம உத்தியோகங்களுக்காக 1895ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டமும் வந்தபோதும், அரசின் அக்கறை வரி வசூல் தடையின்றி நடப்பதில்தான் இருந்தது. மறுபாதி ஊரின் பாடு என்று விடப்பட்டது. களத்தில் நெல் தூற்றி முடிந்ததும் ஊழியர்களுக்கு அளந்து விடும் பங்கு, பிணத்துக்கு இவ்வளவு என்று கொடுக்கும் காசு, சிதையின் மேல் கிடந்த துணி, வாய்க்கரிசியில் மிஞ்சியது ஆகியவையே அதற்கு வரவு. களத்துப் பங்கிற்கு அக்காலத்து வழக்கில் ‘சுதந்திரம்’ என்றே பெயர். கேட்டு வாங்கும் உரிமை என்ற பொருளில் வந்த அச்சொல்லை, கேட்கவே உரிமை இல்லாத ஒருவனின் வருமானத்துக்குப் பெயராக வைத்திருந்தது அக்காலம்.

இந்தப் பிளவுதான் பின்னால் நடந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் வெட்டியான் பிணம் எரிக்கும், புதைக்கும் ஊழியனாக அறிமுகமாகிறான். அதே ஆண்டுகளின் வருவாய்த்துறைத் தாள்களிலோ வெட்டி என்பவன் கச்சேரிச் சேவகன். இருவரும் ஒரே ஆள்.

அரசமைப்பின் 23ஆம் பிரிவு கூலியில்லாக் கட்டாய உழைப்பைத் தடை செய்தது. 1956ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டம் ஆந்திரப் பகுதியில் இனாம் நிலங்களை ரயத்துவாரியாக மாற்றியது. 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காஜுல தசரத ராம ராவ் வழக்கில், 1895ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு வம்சாவளியை மட்டும் வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதால் அது அரசமைப்பின் 16ஆம் பிரிவுக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கு குண்டூர் மாவட்டத்து ஒரு கிராம முன்சீப் பதவி பற்றியது. மேல் வரிசைப் பதவியில் பரம்பரை ஒழிந்ததற்கு நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. கடைசி வரிசையில் இருந்தவன் தன் மகனுக்கு மண்வெட்டியைக் கொடுக்காமல் இருக்கும் உரிமை பற்றி வழக்கு எதுவும் தேவைப்படவில்லை. அந்தப் ‘பதவி’க்கு வேறு யாரும் போட்டியிடவில்லை.

தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசும், ஆந்திரத்தில் 1984 ஜனவரியில் என்.டி. ராமாராவ் அரசும் பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளை அவசரச் சட்டத்தால் ஒழித்தன. இருபதாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவின் பெரிய ஆட்குறைப்புகளுள் இவை இரண்டும் அடங்கும். கர்ணங்களும் முன்சீப்புகளும் சங்கமாகத் திரண்டார்கள், உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள், தோற்றார்கள். ராஜேந்திரன் வழக்கும் வெங்கட ரெட்டி வழக்கும் இன்றும் சட்ட மாணவர்களின் பாடத்தில் உள்ளன. அவர்களுக்குக் கீழே இருந்த ஊழியர்கள் தமிழ்நாட்டில் 1995இல் முழுநேரக் கிராம உதவியாளர்கள் ஆயினர். ஆந்திரத்தில் கிராம வருவாய் உதவியாளர்கள் என்று பெயர் மாறினர். வெட்டியின் முதல் பாதி இவ்வாறு அரசுப் பணியின் விளிம்பில் வந்து சேர்ந்தது. மயானத்தில் கழிந்த பாதிக்கு எந்த அரசாணையும் பெயர் மாற்றம் செய்யவில்லை. அது சாதியோடு ஊரிலேயே தங்கிவிட்டது.

இவ்வட்டாரத்தின் கலை மரபு இதை அறியாததல்ல. சித்தூர், புத்தூர், நகரி, சந்திரகிரிப் பக்கங்களில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து நடப்பதுபோல, அரிச்சந்திரன் கதையின் மயான காண்டமும் தமிழ் மேடையில் விடிய விடிய நடந்த ஒன்று. கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி என்று மயானக் கூலியின் பட்டியலை மக்கள் மனத்தில் பதித்தது அந்தக் கூத்துதான். தமிழ் ஊர்களில் சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் பெயரில் கல்லோ மேடையோ இருக்கும். பாடையை அங்கே இறக்கி வைத்துக் கணக்குத் தீர்த்த பிறகே உள்ளே கொண்டு செல்வார்கள். தெலுங்கில் பலிஜேபள்ளி லட்சுமிகாந்தம் எழுதிய அரிச்சந்திர நாடகத்தின் ‘காட்டி சீன்’ தனிப்புகழ் பெற்றது. அதில் நடிகர்கள் குர்ரம் ஜாஷுவாவின் மயானக் கவிதைகளைச் சேர்த்துப் பாடினார்கள்; டி.வி. சுப்பாராவ் போன்றோர் அப்பாட்டுகளாலேயே பெயர் பெற்றனர். தீண்டாமையை நேரில் அனுபவித்த ஒரு கவிஞனின் சொற்கள், அரசன் வேடமிட்டவன் வாயிலிருந்து வந்தபோது கூட்டம் கண்ணீர் விட்டது. கண்ணீர் அரசனுக்காக. அவன் விலைக்கு விற்கப்பட்டவன், அதாவது கூலிக்காரன்கூட அல்லன் என்பது கதையிலேயே இருக்கிறது. ஆனால் சத்தியத்தின் சோதனையாகவே அது படிக்கப்பட்டது. ஒரு நாள் சோதனை முடிந்து அவன் அரண்மனைக்குத் திரும்பிவிடுவான். அவனுக்கு வேலை கொடுத்த வீரபாகு அங்கேயே இருப்பான்.

நகரத்து மயானத்தின் கதை வேறு தடத்தில் செல்கிறது. திருப்பதி 1886இல் நகராட்சியாகி 2007இல் மாநகராட்சியானது. சித்தூர் 2012இல் மாநகராட்சியானது. திருமலைக்கு வந்து இறப்போர், ருயா மருத்துவமனைக்கும் வேங்கடேஸ்வரா மருத்துவ நிறுவனத்துக்கும் ராயலசீமை முழுவதிலிருந்தும் வந்து இறப்போர், உறவு தெரியாதோர் எனத் திருப்பதி மயானத்துக்கு ஊரின் அளவை மீறிய பாரம் உண்டு. இத்தகைய ஊரில் மயான ஊழியர் ஊருக்கு அடிமைப்பட்டவர் அல்லர். ஆனால் நகராட்சியின் ஊழியரா என்பதும் தெளிவில்லை. சில இடங்களில் ஒப்பந்தக்காரரின் ஆள், சில இடங்களில் தருமசபை நடத்தும் எரிமேடையின் ஆள், பல இடங்களில் இறந்தவர் குடும்பம் தருவதை நம்பி நிற்கும் ஆள்.

இந்தத் தெளிவின்மைக்குச் சட்டமும் துணை நின்றது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் ஆந்திர அரசு 2003இல் செய்த திருத்தம், ஒரு நிறுவனத்தின் மையப் பணி எது என்று வரையறுத்து, மையப் பணியில் மட்டும் ஒப்பந்த முறையைத் தடுத்தது. பெருக்குதல், கழிவகற்றல் உள்ளிட்ட துப்புரவுப் பணிகள், காவல், சுமை ஏற்றி இறக்குதல் முதலியவற்றை மையப் பணி அல்லாதவை என்று பட்டியலிட்டது. நகராட்சி என்ற அமைப்பு எதற்காக இருக்கிறதோ அதுவே அதன் மையப் பணி அல்ல என்று ஆகிவிட்டது. பின்னர் துப்புரவைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து ஏலம் விட வழிசெய்த 279ஆம் எண் அரசாணை வந்தது. அதற்கு எதிராக 2018இல் மாநிலம் தழுவிய வேலைநிறுத்தம் நடந்தது. 2020 ஜூலையில் வெளிக்கொணர்வுப் பணியாளர்களுக்கென ஆப்காஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. இடைத்தரகர் போனார், நிரந்தரம் வரவில்லை. ஒரு நிறுவனத்தின் பட்டியலில் பெயர் இருக்கிறது என்ற பிடி மட்டும் கிடைத்தது. அந்தப் பட்டியலுக்கும் வெளியே நின்றவர்களுக்கு அந்தப் பிடியும் இல்லை.

ஆட்குறைப்பு மயானத்துக்குப் பெரும்பாலும் உத்தரவாக வருவதில்லை, அடுப்பாக வருகிறது. விறகுச் சிதைக்கு முந்நூறு, நானூறு கிலோ விறகு வேண்டும். அடுக்க ஆள் வேண்டும். மழை நாளில் அணையாமல் பார்க்க வேண்டும். இரவு முழுவதும் ஒருவர் இருந்து, மறுநாள் காலையில் எலும்பு பொறுக்கிக் கொடுக்க வேண்டும். எரிவாயு மேடையில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். நாலு பேர் செய்ததை ஒருவர் செய்யலாம். அவரும் மண்வெட்டி பிடித்தவராக இல்லாமல் விசை திருப்பப் பழகியவராக இருப்பார். விறகுக்காகக் காடு அழிவது குறையும், புகை குறையும், ஊழியரின் நெஞ்சுக்கும் நல்லது. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் மீதி மூவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள் என்று எந்தக் கோப்பும் சொல்லாது. அவர்கள் வேலையில் இருந்தார்கள் என்று முதலில் எந்தக் கோப்பும் சொல்லவில்லையே.

2021 மே மாதம் இந்தக் கணக்கு தலைகீழானது. மே 10 அன்று ருயா மருத்துவமனையில் ஆக்சிஜன் வழங்கல் தடைப்பட்டு 11 நோயாளிகள் இறந்தனர். திருப்பதியின் கோவிந்ததாமம் எரிமேடைக்குச் சடலங்கள் வந்துகொண்டே இருந்தன. உறவினர் வர அஞ்சிய உடல்களுக்கு இறுதிச் சடங்கு செய்த தன்னார்வலர்களில் முஸ்லிம் இளைஞர்கள் பலர். அப்போதைய சட்டமன்ற உறுப்பினர் பூமன கருணாகர ரெட்டியும் அவர்களோடு நின்றார். அது நன்றியோடு நினைக்கத்தக்கது. எனினும் ஆய்வாளர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: அந்த வாரங்களின் படங்களில் பாதுகாப்பு உடை அணிந்து பெயரோடு நிற்பவர்கள் தன்னார்வலர்கள். அன்றும் அதற்கு முன்தினமும் அதற்கு மறுநாளும் அதே இடத்தில் நின்றவர்களுக்குப் படக்குறிப்பில் பெயர் கிடைப்பது அரிது. வேலையாக மதிக்கப்படாத ஒன்றை வெளியார் செய்யும்போது அது சேவையாகத் தோன்றுகிறது.

தொற்றுக்குப் பின் ஆந்திர நகராட்சித் தொழிலாளர் இருமுறை பெருமளவில் வேலையை நிறுத்தினர். 2022 ஜூலையில் நடந்த நிறுத்தம், துப்புரவுத் தொழிலாளருக்கு வழங்கிவந்த மாதம் 6,000 ரூபாய் சுகாதாரப் படியை நிறுத்தியதை எதிர்த்தது. 15,000 ரூபாய் ஊதியத்தோடு அப்படியும் சேர்ந்து 21,000 ரூபாய் தொடரும் என்று அரசு இணங்கியது. 2023 டிசம்பர் 26இல் தொடங்கிய நிறுத்தம் 2024 ஜனவரி இரண்டாம் வாரம் வரை நீடித்தது. அதே நாட்களில் போராடிய அங்கன்வாடி ஊழியர் மீது அரசு ஜனவரி 6 அன்று 1971ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை ஏவியது. அத்தியாவசியம் என்று அரசு ஒரு வேலையை அழைப்பது, பெரும்பாலும் அந்த வேலை நின்ற பிறகுதான். 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு நெருங்கிய அரசு ஊழியர்கள் ஒரே வீச்சில் நீக்கப்பட்டதும், அதையொட்டி ரங்கராஜன் வழக்கில் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியதும் இவ்வட்டாரத்துச் சங்கங்கள் மறந்திருக்க முடியாதவை. சித்தூரிலிருந்து வேலூர் ஒரு மணி நேரப் பயணம்.

மயான ஊழியர் உண்மையில் வேலையை நிறுத்தினால் என்ன நேரும் என்பதற்கு வெளிநாட்டில் இரண்டு சான்றுகள் நன்கு பதிவாகியுள்ளன. நியூயார்க்கில் கத்தோலிக்க மறைமாவட்டத்துக்கு உரிய கால்வரி கல்லறையின் தொழிலாளர் 1949 ஜனவரியில் வேலையை நிறுத்தினர். வாரம் ஆறு நாள், 48 மணி நேர வேலை. அதே ஊதியத்துக்கு ஐந்து நாள், 40 மணி நேரம் வேண்டும் என்பது கோரிக்கை. ஆயிரத்துக்கு மேற்பட்ட சவப்பெட்டிகள் புதைக்கப்படாமல் காத்திருந்தன. கர்தினால் ஸ்பெல்மன் சங்கத்தின் மீது கம்யூனிஸ்ட் முத்திரை குத்தினார். மார்ச் மாதம் குருமடத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு தாமே கல்லறைக்குச் சென்று குழி தோண்டச் செய்தார். வேலைநிறுத்தம் செய்தவர்களோ பெரும்பாலும் அதே திருச்சபையின் விசுவாசிகள். டொரொத்தி டே அவர்கள் பக்கம் நின்றார். தொழிலாளர் தம் சங்கத்தையே மாற்றிக்கொண்டு, சிறிய ஊதிய உயர்வோடு, கேட்ட 40 மணி நேரம் கிடைக்காமலே திரும்பினர்.

லிவர்பூல் கதை இன்னும் பெரிய நிழல் விழுத்தியது. 1979 ஜனவரி இறுதியில் லிவர்பூலிலும் டேம்சைடிலும் குழி தோண்டுவோரும் எரிமேடைத் தொழிலாளரும் நிறுத்தத்தில் இறங்கினர். ஸ்பீக் என்ற இடத்தில் காலியாக இருந்த தொழிற்சாலை ஒன்றில் சடலங்கள் அடுக்கப்பட்டன. மாதக்கணக்கில் நீடித்தால் என்ன செய்வீர்கள் என்று செய்தியாளர் துருவியபோது, கடலில் அடக்கம் செய்வதையும் பரிசீலிக்க நேரலாம் என்று நகர மருத்துவ அதிகாரி கூறினார். அந்த ஒரு வாசகம் போதும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் தொழிலாளர் 14 விழுக்காடு உயர்வோடு வேலைக்குத் திரும்பிவிட்டனர். ஆனால் புதைக்கப்படாத பிணங்களின் படிமம் அந்த ஆண்டு மே தேர்தலிலும், அதற்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேலும் தொழிற்சங்கங்களுக்கு எதிரான சாட்சியாக நின்றது. நிறுத்தத்தில் இறங்கியோர் நூறு பேருக்கும் குறைவு. அவ்வளவு சிறிய தொழிலாளர் கூட்டம் இவ்வளவு பெரிய பழியைச் சுமந்ததற்கு வேறு எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

இந்தியச் சூழலில் இவ்விரு கதைகளையும் அப்படியே பொருத்த முடியாது. அங்கே நின்றது ஊதியம் பற்றிய பூசல். இங்கே வேலை மறுப்புக்கு வேறொரு பழைய மரபு உண்டு. செத்த மாடு இழுப்பது, சாவுச் செய்தி சுமப்பது ஆகியவற்றைக் கைவிடுமாறு மகார் மக்களை அம்பேத்கர் அழைத்தார். 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில், பரம்பரை உத்தியோகச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவை அவர் கொண்டுவந்தபோது, வதன் நிலம் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் அம்மக்களிடமே இருந்தது. மகார் வதன் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒழிந்தது. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் பறையடிப்பதையும் செத்த மாடு தூக்குவதையும் நிறுத்தச் சொல்லி ஊர் ஊராக நடந்தார். 2016 ஜூலையில் உனா சம்பவத்துக்குப் பின் குஜராத்தில் தலித்துகள் மாட்டுச் சடலங்களைச் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் கொண்டுவந்து போட்டு, இனி அகற்ற மாட்டோம் என்றனர். இவற்றில் எதுவும் வேலை வேண்டும் என்று நடந்ததில்லை. வேலையே வேண்டாம் என்று நடந்தவை.

ஆகவே சித்தூரிலோ திருப்பதியிலோ ஆட்குறைப்பை எதிர்த்து மயான ஊழியர் நிறுத்த அறிவிப்பு கொடுப்பதாக வைத்துக்கொண்டால், அந்த ஒரு தாளில் இரண்டு வரலாறுகள் மோதும். எந்த ஊழியத்திலிருந்து விடுபடுவதற்காக ஒரு தலைமுறை அடிபட்டதோ, அதையே நிரந்தரமாக்கு என்று அடுத்த தலைமுறை கேட்கிறது. இதை முரண் என்று சொல்லிக் கைகழுவுவது எளிது. பிறப்பால் வந்து சேர்ந்த ஊழியத்தை ஊதியம், வைப்புநிதி, விடுப்பு, ஓய்வூதியம் உள்ள பணியாக மாற்றினால் அதற்கு எல்லாச் சாதியினரும் விண்ணப்பிப்பார்கள். அதன் பிறகே பரம்பரை உண்மையில் அறும் என்பது சங்கங்களின் வாதம். பணி நிரந்தரமானாலும் அதே தெருவிலிருந்துதான் ஆள் வருவார் என்பது எதிர்வாதம். நகராட்சித் துப்புரவுப் பணியின் நூறாண்டு அனுபவம் பின்னதற்கே அதிகம் சான்று தருகிறது. ஆனால் முன்னது இன்னும் முழுமையாகச் சோதித்துப் பார்க்கப்படவில்லை. மயானப் பணியில் எந்த நகராட்சியும் நல்ல ஊதியம் நிர்ணயித்து, பொது அறிவிப்பு வெளியிட்டு, யார் வருகிறார்கள் என்று பார்த்ததாகச் சொல்ல முடியாத நிலையில், தோற்றுவிட்டது என்று தீர்ப்பெழுதுவது அவசரம்.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில், பொதுத் துப்புரவு போன்ற பொதுப்பயன் சேவைகளில் மட்டும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு கட்டாயமாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்பு அதை எல்லாத் தொழிலகங்களுக்கும் விரித்துவிட்டது. அறிவிப்பு வேலையளிப்பவரிடம் தரப்பட வேண்டும். ஆப்காஸ் பட்டியலில் உள்ளவருக்கு அதற்கொரு முகவரி உண்டு. எரிமேடையை நடத்தும் அமைப்பிடம் கூலி பெறுபவர் அந்த அமைப்பிடம் தரலாம். சிதைக்கு இவ்வளவு என்று அன்றன்று வரும் குடும்பத்திடம் கை நீட்டுபவர் அதை யாரிடம் தருவார் என்பதற்குத் தொகுப்பில் விடை இல்லை. அவருக்கு வேலையளிப்பவர் அன்றைக்கு இறந்தவர்.